மிளகு உளுந்தான ஊரில் மெக்ஸிகோ சேமியா

சென்னையிலிருந்து திருச்சிக்கோ மதுரைக்கோ பஸ்ஸில் போகிறவர்களுக்கு உளுந்தூர்பேட்டை என்றால் என்ன ஞாபகம் வரும்? அரைத் தூக்கத்தில் ஜன்னலோரம் ஒரு குரல் கேட்கும்: "வெள்ளரிப் பிஞ்சு, கொய்யா, வேர்க்கடலை!" கண்ணைத் திறப்பதற்குள் சேலம் சாலை ஒரு பக்கம் பிரிந்து போயிருக்கும், நாம் மறுபடியும் தூங்கிப் போயிருப்போம். நானும் பல வருஷங்களாக அப்படித்தான் இந்த ஊரைத் தாண்டிக்கொண்டிருந்தேன். போன கோடையில், பெரியம்மா டெலிபோனில் கூப்பிட்டதால், பையோடு இறங்க வேண்டியதாயிற்று.

"நாலு நாளாச்சுடி. பிள்ளை ஒரு வாய் சோறு தொடலை. ரொட்டியும் வாழைப்பழமும்தான். என் கைச் சமையல் அவ்வளவு மோசமாப் போயிடுச்சா?"

பெரியம்மாவின் ரசப்பொடிக்குக் கல்யாண வீடுகளிலிருந்து ஆள் வருவது உண்டு. அந்தக் கைக்கு வந்த சோதனையைப் பாருங்கள்! பிள்ளை என்றது அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் வளரும் பேரனை. வயது ஒன்பது. தாயார் வேலையாகப் பெங்களூர் போயிருக்க, பாட்டியும் பேரனும் வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். எனக்கென்னவோ, பசித்தவன் அவன் என்றாலும் வாடிப்போயிருந்தவள் பெரியம்மாதான் என்று தோன்றியது.

மாலையில் பையனை உளுந்தாண்டார்கோயிலுக்கு அழைத்துப் போனேன். ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சுவாமியின் பெயர் மாஷபுரீஸ்வரர். 'மாஷம்' என்றால் வடமொழியில் உளுந்து. ஊரார் சொல்லும் கதை இது: வியாபாரி ஒருவன் மிளகு மூட்டைகளோடு இந்தப் பக்கமாக வந்தானாம். ஈசன் முதியவராக வந்து கொஞ்சம் மிளகு கேட்டாராம். கொடுக்க மனமில்லாத வியாபாரி, "மூட்டையில் இருப்பது உளுந்து" என்று சொல்லிவிட்டான். பிரித்துப் பார்த்தால் நிஜமாகவே உளுந்து! அழுது புரண்ட பிறகுதான் மிளகு திரும்பக் கிடைத்ததாம்.

கதையைக் கேட்ட பையன் கேட்டான்: "பெப்பர் மட்டும்தானா? அவங்ககிட்ட சில்லி இல்லையா?"

நியாயமான கேள்வி! இல்லைதான். மெக்ஸிகோ பக்கத்தில் விளைந்த மிளகாய், 1498-ல் வாஸ்கோடகாமா கள்ளிக்கோட்டையில் இறங்கிய பிறகு, போர்ச்சுகீசியர் கப்பலில்தான் நம் நாட்டுக்கு வந்தது. அதுவரை நம் அடுப்பில் காரம் என்றால் மிளகுதான். புதிதாக வந்த காய் மிளகைப்போல் உறைத்ததால் 'மிளகாய்' என்று பெயர் வைத்துக்கொண்டோம். 'சில்லி' என்பதும் 'டொமேட்டோ' என்பதும் மெக்ஸிகோவின் ஆதிக்குடிகள் பேசும் நாவாட்டில் மொழியிலிருந்து வந்த சொற்கள்.

"எங்க வீட்டிலே அம்மா மெக்ஸிகன் பாஸ்தா பண்ணுவாங்க. நிறைய சீஸ். அதுதான் எனக்கு வேணும்" என்றான் பையன். விஷயம் வெளியே வந்துவிட்டது!

ஹூஸ்டன் இருப்பது டெக்ஸாஸில். 1836 வரை அது மெக்ஸிகோவின் பகுதி. எதன் தலையிலும் சீஸைக் கொட்டுவது அந்தப் பக்கத்து மோஸ்தர். மெக்ஸிகோவுக்குள் போனால், நம் பனீர் போன்ற புதுச் சீஸை உதிர்த்துக் கொஞ்சமாகத் தூவுவார்கள். அங்கே 'ஃபிதேயோ' என்று ஒரு பதார்த்தம் உண்டு. மெல்லிய கோதுமைச் சேமியாவை எண்ணெயில் சிவக்க வறுத்து, தக்காளியும் மிளகாயும் அரைத்த சாற்றில் வேகவைப்பது. வறுத்து வேகவைக்கும் சேமியா! எங்கேயோ கேட்டமாதிரி இல்லை?

மறுநாள் காலையில் கடைத்தெருவுக்குப் போனேன். தக்காளி, காய்ந்த மிளகாய், மக்காச்சோளம் மூன்றும் மெக்ஸிகோவின் சொத்து. மூன்றும் இங்கே மலிவாகக் கிடைத்தன. கள்ளக்குறிச்சிச் சீமையில் மக்காச்சோளத்துக்கா பஞ்சம்! பஸ் ஜன்னலில் விற்கிற கொய்யாகூட அமெரிக்கக் கண்டத்துப் பழம்தான். பதிலுக்கு, சீரகமும் கொத்தமல்லியும் இந்தப் பக்கத்து உலகத்திலிருந்து ஸ்பெயின்காரர்களோடு அங்கே போயின. கோதுமையும் அப்படித்தான். 1521-ல் ஸ்பெயின்காரர்கள் மெக்ஸிகோவைப் பிடிப்பதற்கு முன் அங்கே பசுமாடே கிடையாது. சீஸுக்கு எங்கே போவார்கள்! நானும் சீஸுக்குத்தான் அலைந்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கடையின் குளிர்பெட்டியில் மொஸரெல்லா ஒரு பொட்டலமும் சீஸ் கட்டிகள் ஒரு டப்பாவும் இருந்தன.

முதல் ஈடு அவமானம். கொதிக்கிற தக்காளியில் மொஸரெல்லாவைத் துருவிப் போட்டேன். அது கயிறாகத் திரிந்து, பந்தாக உருண்டு, கரண்டியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. பெரியம்மா எட்டிப் பார்த்து, "இதைச் சாப்பிடுறதா, கிணத்திலே விட்டுத் தண்ணி எடுக்கிறதா?" என்றாள். நாலு நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு! அதற்காகவே இன்னொரு பொட்டலம் பாழாக்கலாம்.

கடும் சூட்டில் சீஸிலுள்ள புரதம் இறுகி, கொழுப்பையும் நீரையும் வெளியே தள்ளிவிடும். கட்டிச் சீஸில் சேர்க்கும் சில உப்புகள் அந்தப் பிரிவினை நேராமல் காக்கும். ஆகவே இந்தப் பதார்த்தத்துக்குக் கட்டிதான் சௌகரியம். அதையும் அடுப்பை அணைத்த பிறகே போட வேண்டும்.

இரண்டாம் ஈட்டைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். சேமியா 200 கிராம், பழுத்த தக்காளி நாலு, வெங்காயம் ஒன்று, பூண்டு நாலு பல், காய்ந்த மிளகாய் மூன்று, சீரகம் அரை டீஸ்பூன். மெக்ஸிகோவில் புகையூட்டிய மிளகாய் போடுவார்கள். அதற்கு எங்கே போவது என்று விழித்தபோது பெரியம்மா, வெந்நீர் அடுப்புத் தணலில் மிளகாயைக் காட்டி, கருகாமல் சுட்டுக் கொடுத்தாள். வாசனை தெருவரை போயிற்று. குழந்தைகளுக்கு என்றால் விதையோடு உள்ளே இருக்கும் வெள்ளை நரம்பையும் எடுத்துவிடுங்கள்; அதிகக் காரம் அந்த நரம்பில்தான்.

மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து, தக்காளி, வெங்காயம், பூண்டு, சீரகத்தோடு அரைத்துக்கொள்ளுங்கள். மூன்று கரண்டி எண்ணெயில் சேமியாவைப் பொன்னிறமாக வறுத்துத் தனியே வையுங்கள். அதே வாணலியில் அரைத்ததைப் பச்சை வாடை போக வதக்கி, இரண்டு டம்ளர் தண்ணீரும் உப்பும் விட்டுக் கொதி வந்ததும் சேமியாவையும் வேகவைத்த சோள மணிகள் ஒரு கைப்பிடியும் போட்டு மூடுங்கள். அடுப்பு தணிந்தே எரியட்டும். கொல்லையில் கற்பூரவல்லி இருந்தால் இரண்டு இலை கிள்ளிப் போடலாம். பாஸ்தாவில் தூவும் ஆரிகனோவின் வாசனை அதில் இருக்கிறது. தண்ணீர் வற்றியதும் இறக்கி, நாலு சீஸ் கட்டியைத் துருவிப் போட்டு, இரண்டு கரண்டி சூடான பால் விட்டுக் கிளறி, கொத்தமல்லி தூவி, எலுமிச்சை பிழியுங்கள். ஆறினால் இறுகிவிடும், சுடச்சுடப் பரிமாற வேண்டும்.

பையன் தட்டை முகர்ந்தான். ஒரு வாய் வைத்தான். ஒன்றும் பேசாமல் தட்டைக் காலி செய்து நீட்டினான். பெரியம்மா கரண்டியை என் கையிலிருந்து பிடுங்கி, தானே பரிமாறினாள். "மிளகாய் பாட்டி சுட்டது" என்று நான் ரகசியத்தை உடைத்தேன். "ஸ்மோக்கியா இருக்கு பாட்டி. அம்மா செய்யறதிலே இது இல்லை" என்றான். பெரியம்மாவுக்கு அந்த வார்த்தை புரியவில்லை. ஆனாலும் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகை என்று சொன்னாள்.

ராத்திரி அவன் தட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் கிண்ணம் ரசம் வந்து உட்கார்ந்தது. நான் வைக்கவில்லை. அவன் ஒரு வாய் குடித்து, இருமி, தண்ணீர் குடித்து, மறுபடி கிண்ணத்தை எடுத்தான்.

இரண்டு வாரம் கழித்துப் பெரியம்மாவின் டெலிபோன் மறுபடியும் வந்தது.

"அந்தச் சீஸ் டப்பா தீர்ந்துபோச்சுடி. கடையிலே இன்னும் வரலைங்கிறான். இந்தப் பக்கம் வந்தா ரெண்டு வாங்கிட்டு வா."

"பையன்தான் போன வாரமே ஊருக்குப் போய்விட்டானே, பெரியம்மா?"

"அவனுக்கு யாருடி கேட்டா?"