கடல் இல்லாத கரை

கடற்கரை ஊரில் பிறந்தவரோடு மலைக்குப் போவது ஒரு தனி அனுபவம். மலையில் நாம் உயரத்தைப் பார்ப்போம். அவர் அங்கேயும் கரையைத்தான் தேடுவார். என் நண்பர் மணப்பாட்டுக்காரர். திருச்செந்தூருக்குத் தெற்கே, மணல் குன்று ஒன்று கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் ஊர் அது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் தங்கியிருந்ததாகச் சொல்லும் குகை, அலை ஓசை கேட்கும் தூரத்தில் அங்கே இருக்கிறது. ஆகவே, நல்ல இடம் என்றால் ஒரு கரை இருக்க வேண்டும், ஒரு குகை இருக்க வேண்டும், கூட்டம் இருக்கக் கூடாது என்பது நண்பரின் தீர்மானமான அபிப்பிராயம்.

“கோடைக்கானலில் இந்த மூன்றும் கிடைக்குமா?” என்று கேட்டார்.

“முதல் இரண்டுக்கு நான் பொறுப்பு” என்றேன்.

கோடைக்கானல் ஏரிக்கரையில் ஒரு சுற்று வந்தோம். இந்த ஏரி இயற்கையாக அமைந்தது அல்ல. மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை 1863-இல் ஓடையை மறித்து உண்டாக்கியது. அதற்கு முன்பே, 1845-இல், மதுரை வெயிலுக்கும் நோய்க்கும் தப்பி வந்த அமெரிக்கப் பாதிரிமார்கள் இங்கே முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டிவிட்டார்கள். குளிர் கிடைத்துவிட்டது, ஒரு கரையும் இருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியிருக்கிறது. மனிதன் எங்கே போனாலும் தனக்கு வேண்டியதைக் கூடவே தூக்கிக்கொண்டு போகிறவன்தானே! சுமார் அறுபது ஏக்கர் பரப்பில், நட்சத்திரம் மாதிரி கைகளை நீட்டிக்கொண்டு ஏரி கிடக்கிறது. நாங்கள் போன தினம் அதைச் சுற்றிச் சைக்கிள்களும் குதிரைகளும் சுட்ட சோளமும் மோட்டார் ஹாரனும் போட்டி போட்டுக்கொண்டிருந்தன.

“இது கரை இல்லை, தேரோட்டம்” என்றார் நண்பர்.

சரி, குகையையாவது காட்டுவோம் என்று தூண் பாறைகளுக்குப் பக்கத்திலே அழைத்துப் போனேன். நானூறு அடி உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் அந்தப் பாறைகளை ஒட்டிய பிளவுகளுக்கு வெள்ளைக்காரர்கள் ‘பிசாசின் சமையலறை’ என்று பெயர் வைத்தார்கள். 1991-இல் ‘குணா’ படம் இங்கே எடுக்கப்பட்ட பிறகு பிசாசு தன் உரிமையை விட்டுக் கொடுத்துவிட்டது. இப்போது குணா குகை என்றால்தான் தெரியும். 2006-இல் கேரளத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவர் அந்தப் பிளவில் விழுந்தார். கூட வந்த சிநேகிதர் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி, அவரை உயிரோடு மேலே கொண்டுவந்தார். 2024-இல் அதுவும் படமாக வந்தது; மறுபடியும் ஜனங்கள் திரண்டார்கள். விழுந்த எல்லோருக்கும் அப்படி ஒரு சிநேகிதர் கிடைத்துவிடவில்லை. ஆகவே வேலி போட்டிருப்பது நியாயம்தான். ஆனால் வேலிக்கு இந்தப் பக்கம் நூறு பேர் தோளோடு தோள் உரச நின்று பார்க்கும்போது, அடைபட்டிருப்பது குகையா நாமா என்று சந்தேகம் வந்துவிடுகிறது.

மறுநாள் விடியற்காலையில் மேற்கே புறப்பட்டோம். பதினெட்டு கிலோமீட்டரில் பூம்பாறை. மலைச் சரிவைப் படிப்படியாக வெட்டிப் பயிர் செய்திருக்கிறார்கள். நடுவில் குழந்தை வேலப்பர் கோயில். இந்தப் பக்கத்து மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூண்டு வாசனையைத் தாண்டி இன்னும் மேற்கே போனால் மன்னவனூர். ஆடு வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் ஒன்று அங்கே இருக்கிறது. பச்சைக் கம்பளத்தை உதறி விரித்தாற்போலப் புல்வெளி. அதன் மடிப்பிலே ஓர் ஏரி. நாங்கள் போன நேரத்தில் அங்கே எங்களைத் தவிர ஆடுகள்தாம் இருந்தன. நண்பர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் ஓரமாக உட்கார்ந்துகொண்டார். சிற்றலை ஒன்று வந்து அவர் காலைத் தொட்டுவிட்டுப் போயிற்று. “உப்புத்தான் இல்லை” என்று சொல்லிச் சிரித்தார்.

அங்கிருந்து கூக்கால். ஊரில் அறுபது வயதுப் பெரியவர் ஒருவர் வழி காட்ட ஒப்புக்கொண்டார். சோலைக் காட்டின் ஓரமாக, அட்டைகளுக்கு இரத்த தானம் செய்துகொண்டே நடந்தோம். குகை என்றால் சுரங்கம் மாதிரி இருக்கும் என்று நினைக்க வேண்டாம். மலை தன் நெற்றியைச் சற்று முன்னால் தள்ளிக் குடை பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். முற்காலத்தில் பளியர்கள் மழைக்கும் பனிக்கும் இங்கே ஒதுங்கி வாழ்ந்தார்கள் என்று சொல்கிறார்கள். தேனும் கிழங்கும் தேடிக் காட்டில் திரிந்தவர்கள் ராத்திரியில் நெருப்பு மூட்டி உட்கார்ந்திருக்கும் காட்சி என் மனத்தில் வந்து போயிற்று.

அரைமணி நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு நண்பர் மெதுவாகச் சொன்னார்: “தயவு செய்து இந்த இடத்தைப் பற்றி எழுதிவிடாதீர்கள். எழுதினால் இங்கேயும் சோளம் சுட ஆரம்பித்துவிடுவார்கள்.”

எனக்கும் அதே எண்ணம்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் பெரியவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஏன் சார், எழுதட்டுமே! எழுதினா நாலு பேரு வருவாங்க. எம் பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான். பூண்டு விலை எந்த வருசம் எப்படி இருக்கும்னு யாரு கண்டா? நாலு பேரு வந்து தங்கினா அவன் இங்க வந்துருவான். அமைதி அமைதிங்கிறீங்க. ராத்திரியில ஒருத்தருக்கு நெஞ்சு வலின்னா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கோடைக்கானலுக்குல்ல ஓடணும்? அப்ப இந்த அமைதியத்தான் சார் நாங்க மொதல்ல திட்டுவோம்.”

நண்பர் வெகுநேரம் பதில் சொல்லவில்லை. திரும்பி நடக்கும்போதுதான் பேசினார். “எங்கள் ஊரிலும் பெரிய பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பிழைக்கப் போனவர்கள் திருவிழாவுக்கு வருவார்கள். மற்ற நாளெல்லாம் ஊர் அமைதியாக இருக்கும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள், ஆகா, எவ்வளவு அமைதி என்கிறார்கள்.”

அந்த வார்த்தை என்னை விடவில்லை. நாம் தேடிப் போய் அனுபவிக்கிற அமைதி, பெரும்பாலும் யாரோ எழுந்து போன இடத்தில் மிஞ்சிய அமைதிதானோ? பளியர் போன குகை. பையன் போன வீடு. இதே பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கமெல்லாம் பழங்காலத்துக் கல்திட்டைகள் இருக்கின்றன. ஆங்கிலேட் பாதிரியாரும் நியூட்டனும் அவற்றைத் தேடித் தேடி அளந்து 1928-இல் ஒரு நூலே வெளியிட்டார்கள். அந்தக் கற்களை நிறுத்தியவர்கள் யார் என்று கேட்டால் காற்றுத்தான் பதில் சொல்லும். அங்கேயும் நல்ல அமைதிதான்.

அப்படியானால் எல்லோரும் வரட்டும் என்று சொல்லிவிடலாமா? அதுவும் முடியவில்லை. இந்தப் புல்வெளியும் சோலையும் மழையைப் பஞ்சு போல உறிஞ்சி வைத்துக்கொண்டு, தெற்கே வைகைக்கும் வடக்கே அமராவதிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கின்றன. இங்கே புல் மிதிபட்டால் கீழே வயல் காயும். 2013-இல் இந்தக் காடுகளைச் சரணாலயமாக அறிவித்ததும், நீதிமன்ற உத்தரவின்பேரில் 2024 மே 7 முதல் கோடைக்கானல் வண்டிகளுக்கு இ-பாஸ் கேட்கத் தொடங்கியதும் வேடிக்கைக்காக அல்ல. நூறு பேர் வந்தால் பெரியவரின் பையன் திரும்புவான். பத்தாயிரம் பேர் வந்தால் பெரியவரே புறப்பட வேண்டியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் எங்கே கோடு போடுவது? கதை எழுதுகிறவனால் போடக் கூடிய கோடு அல்ல அது. ஆனால் கோடு போடுகிறவர்கள், நகரத்திலிருந்து அமைதி தேடி வருகிறவனை மட்டும் கேட்டுக்கொண்டு போடக் கூடாது என்பது எனக்கு நிச்சயம்.

புறப்படும்போது பெரியவரிடம் இரண்டு கிலோ பூண்டு வாங்கிக்கொண்டோம். நண்பர் விலை பேசவில்லை. மணப்பாட்டில் மீன் வாங்கும்போது அவர் அப்படி விடுகிறவர் அல்ல. வண்டி கிளம்புகிற சமயம் பெரியவர் ஜன்னலருகே வந்தார்.

“எழுதுறதா இருந்தா அந்த நெஞ்சு வலி விசயத்தையும் சேர்த்து எழுதுங்க சார்.”

எழுதிவிட்டேன்.