கீழாநெல்லியும் 37 பேரும்

"கீழாநெல்லியை அமெரிக்காக்காரனே ஒத்துக்கிட்டான் சார். நோபல் பரிசு வாங்கின டாக்டராம்!" நாட்டு மருந்துக் கடைகளில் இந்தப் பேச்சைக் கேட்காதவர்கள் குறைவு. இந்த மாதிரிச் சேதிகளின் மூலத்தைத் தேடிப் போனால் பெரும்பாலும் கையில் ஒன்றும் சிக்காது. இதைத் தேடியபோது எனக்கு நிறையவே சிக்கியது.

அந்த டாக்டர் பாரூக் பிளம்பர்க். 1960களில் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் புதிய புரதம் ஒன்றைக் கண்டார். ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம் அதுதான் என்பது பின்னால் தெரிந்தது. 1976இல் நோபல் பரிசு. பிலடெல்பியாவில் அவருடன் வெங்கடேஸ்வரன், இர்விங் மில்மன் ஆகியோர் சேர்ந்து 1987இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ள உதவும் நொதியைக் கீழாநெல்லிச் சாறு சோதனைக் குழாயில் முடக்கியது என்றது அது. வுட்சக் என்ற அமெரிக்கக் கொறிவிலங்கைத் தாக்கும் வைரஸ், மனித வைரஸுக்குப் பங்காளி. அந்த விலங்குகளிலும் பலன் தென்பட்டது. காப்புரிமையும் வாங்கிவிட்டார்கள்!

மனிதர்களிடம் நடந்த சோதனை சென்னையில். தரமணியில் இருக்கும் சென்னைப் பல்கலைக்கழக மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் நுண்ணுயிரியலாளர் எஸ்.பி.தியாகராஜன் நடத்தினார், பின்னாளில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே துணைவேந்தர் ஆனவர். பிளம்பர்க்கும் இதில் கூட்டாளி. 1988 அக்டோபரில் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. செடியின் பொடி காப்ஸ்யூலில் 200 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, 30 நாள். மருந்து சாப்பிட்டுக் கடைசிவரை கணக்கில் வந்த 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்திருந்தது. மருந்தில்லாத காப்ஸ்யூல் சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது.

அதாவது மருந்து சாப்பிட்டவர்களில் 59 சதவீதம். நாள்பட்ட தொற்று உள்ளவர்களுக்கு இந்தப் புரதம் தானாக மறைவது ஆண்டுக்கு ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு. ஒரே மாதத்தில் பாதிப் பேருக்கு மேல் என்றால் உலகமே திரும்பிப் பார்க்காதா? பார்த்தது. 1990இல் தாய்லாந்து, மறு ஆண்டு நெதர்லாந்து, 1994இல் மும்பையும் நியூசிலாந்தும். எங்கும் சென்னையின் முடிவு கிடைக்கவில்லை.

கடைக்காரர்களின் கதையில் இந்தப் பிற்பாதி வருவதில்லை. ஆனால் கதையே இங்குதான் சூடு பிடிக்கிறது.

முடிவுகள் ஏன் மாறின? முதலில் நோயாளிகள். வீட்டில் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, கழுவி, அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பது மஞ்சள் காமாலைக்கு. நம் ஊரில் பெரும்பாலான காமாலை, அசுத்தத் தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ அல்லது இ. எதுவும் சாப்பிடாவிட்டாலும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அது அடங்கிவிடும். பெயர் மோருக்குப் போகும். நாள்பட்ட ஹெபடைடிஸ் பி வேறு ரகம். பெரும்பாலும் கண் மஞ்சளாகாது, பசி குறையாது. ரத்த தானத்துக்கோ கர்ப்பப் பரிசோதனைக்கோ போகும்போதுதான் பலருக்கும் தெரியவருகிறது. பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றில் 95 பேரின் உடல் தானே விரட்டிவிடும். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றிய குழந்தைகளில் 90 சதவீதம் பேருக்கு அது ஆயுளுக்கும் தங்கிவிடுகிறது. அவர்களிலும் 'இ ஆன்டிஜென்' என்ற வைரஸ் புரதம் உள்ளவர்களின் ரத்தத்தில் பொதுவாக வைரஸ் எக்கச்சக்கம். 'கேரியர்' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடும் கூட்டத்துக்குள் இத்தனை பேதம் இருக்கும்போது, ஓர் ஊரின் 37 பேரை இன்னோர் ஊரின் நோயாளிகளோடு சும்மா ஒப்பிட்டுவிட முடியாது.

அடுத்தது செடி. 1987 கட்டுரையின் தலைப்பில் இருப்பது ஃபில்லாந்தஸ் நிரூரி. 1988இல் அதே குழுவின் தலைப்பில் ஃபில்லாந்தஸ் அமாரஸ். என்னைக் குடைந்த இடம் இதுதான். நிரூரி லின்னேயஸ் வைத்த பெயர். அந்தச் செடி அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. இந்தியத் தாவர நூல்கள் நிரூரி என்று எழுதிவந்தது அமாரஸ், ஃபிராட்டர்னஸ், டெபிலிஸ் என்ற மூன்று செடிகளின் கலவை என்று மித்ராவும் ஜெயினும் 1985இல் காட்டினார்கள். வரப்போரத்தில் பார்த்தால் மூன்றும் ஒன்றுதான்: இலைக் காம்புக்கடியில் வரிசையாகத் தொங்கும் பச்சைக் காய்கள். கடுகளவுகூட இல்லாத பூவை லென்ஸில் வைத்துப் பார்த்தால் அமாரஸுக்கு ஐந்து இதழ்கள், மற்ற இரண்டுக்கும் ஆறு. செடி பிடுங்கி விற்பவர்கள் பூவை எண்ணுவார்களா என்ன? கல்லீரலைக் காப்பதாக ஆய்வகங்களில் பேசப்படும் 'ஃபில்லாந்தின்' என்ற பொருள் அமாரஸில்தான் அதிகம்.

இதெல்லாம் சென்னைச் சோதனையைக் காப்பாற்றிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்தச் செடி இனம் பற்றிய சோதனைகளையெல்லாம் அலசிய 2011ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, போலி மருந்தைவிட இது மேல் என்று நம்பவைக்கும் சான்று இல்லை என்றது. வைரஸின் மரபணு கல்லீரல் உயிரணுக்களின் கருவுக்குள் வளையமாகப் பதுங்கிக் கிடக்கிறது. இந்த நோய்க்குத் தரப்படும் டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகளே அதைத் துடைத்தெடுப்பதில்லை, பெருக்கத்தைத்தான் அடக்குகின்றன.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் நாள்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ளவர்கள் 2.98 கோடி. 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். கீழாநெல்லியை நம்பி அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதில்தான் ஆபத்து. அடங்கிக் கிடந்த வைரஸ் மறுபடி பெருகி, சிலருக்குக் கல்லீரல் செயலிழப்பு வரை கொண்டுபோய் விட்டுவிடும்.