மேசை மேல் தனிமங்கள்

ஒரு அங்குலப் பக்கமுள்ள இரண்டு உலோகக் கனசதுரங்கள். இரண்டும் மெருகேற்றப்பட்டவை. தள்ளி நின்று பார்த்தால் அண்ணன் தம்பி போலத் தெரியும். முதலில் மக்னீசியத்தை எடுத்தால் காலி டப்பாவை எடுத்தது போலிருக்கும். எடை 28 கிராம்தான். அந்தத் தைரியத்தில் டங்ஸ்டனைத் தூக்கப் போகும் கை திடுக்கிட்டு நின்றுவிடும். அது 315 கிராம். முதல்முறை தூக்குகிறவர்கள் பெரும்பாலும் சிரித்துவிடுகிறார்கள். கண் சொன்னதைக் கை பொய்யாக்கிவிட்ட சிரிப்பு.

அந்தச் சிரிப்புதான் பலரைப் பைத்தியமாக்குகிறது. தபால்தலையும் பழைய நாணயமும் சேர்ப்பவர்களைப் போல, தூய உலோகங்களைச் சேர்ப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். பள்ளிக்கூடச் சுவரில் எழுத்தாக மட்டும் தொங்கிய ஆவர்த்தன அட்டவணையைப் பொருளாகத் தொட்டுப் பார்க்கும் ஆசை. இரும்பும் செம்பும் வீட்டிலேயே கிடைக்கும். 1923இல் கண்டறியப்பட்ட ஹாஃப்னியத்துக்கும் 1925இல் அகப்பட்ட ரீனியத்துக்கும்தான் அலைய வேண்டும். ஆஸ்மியம், இரிடியம் ஆகியவற்றின் விலையை வீட்டில் சொல்லாமலிருப்பது குடும்ப அமைதிக்கு நல்லது.

இந்தப் பைத்தியத்தின் உச்சம் அமெரிக்கரான தியோடர் கிரே. ஆலிவர் சாக்ஸ் என்ற நரம்பியல் மருத்துவர் தன் இளமைப் பருவத்தைப் பற்றி 2001இல் வெளியிட்ட ‘அங்கிள் டங்ஸ்டன்’ புத்தகத்தில், லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் பார்த்த ஆவர்த்தன அட்டவணை ஒன்றை வர்ணித்திருந்தார். கட்டத்துக்குக் கட்டம் அந்தந்தத் தனிமத்தையே வைத்திருந்த அட்டவணை அது. அதைப் படித்த கிரே, மரத்தால் செய்த மேசை என்று நினைத்துக்கொண்டார். ஆங்கிலத்தில் மேசைக்கும் அட்டவணைக்கும் ஒரே சொல் என்பதால் வந்த வினை. அப்படி ஒரு மேசை எங்கும் இல்லை என்று தெரிந்ததும் தானே செய்துவிட்டார். ஒவ்வொரு தனிமத்தின் பெயர்ப்பலகைக்கும் அடியில் ஒரு குழி, குழிக்குள் மாதிரி. சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் வேலைகளுக்குத் தரப்படும் ‘இக் நோபல்’ பரிசு 2002இல் அந்த மேசைக்குக் கிடைத்தது. தமிழில் படித்திருந்தால் அவர் ஏமாந்திருக்க மாட்டார், மேசையும் பிறந்திருக்காது.

ஆனால் எல்லா உலோகமும் மேசையில் உட்கார்ந்துவிடுவதில்லை. யூரோப்பியத்தைப் பளபளவென்று தேய்த்து வைத்தால் காற்றுப்பட்டுச் சீக்கிரமே மங்கிவிடுகிறது. கவனிக்காமல் விட்டால் பொடியாக உதிரும். ஆர்கான் வாயு நிரப்பிய கண்ணாடிக் குழலில் வைத்து மூடினால் மெருகு நிலைக்கும், தொட முடியாது. தொடுவதற்காக வாங்கிய பொருள் கோயில் மூலவர் மாதிரி உள்ளே போய்விடும். பொன்னிறச் சீசியத்துக்கும் அதே சிறைதான். வெளியே விட்டால் தீப்பிடிக்கும்.

நம் ஊர் வெயில் தரும் தொல்லை வேறு. காலியம் உருகும் வெப்பநிலை 29.76 டிகிரி செல்சியஸ். லண்டன் வீட்டில் கட்டியாக நிற்பது, சென்னை வீட்டு அலமாரியில் சித்திரை மாதத்தில் வெள்ளிக் குட்டையாகிவிடும். 1875இல் இது கண்டறியப்படுவதற்கு முன்பே, அலுமினியத்துக்குக் கீழே ஓரிடம் காலியாக இருக்கிறது என்று சொன்னவர் ரஷ்யாவின் மெண்டலீவ். வராத விருந்தாளிக்கு அவர் வைத்த பெயர் ‘ஏக அலுமினியம்’. ‘ஏக’ நம் சமஸ்கிருதத்து ‘ஏக’தான். காடோலினியத்தின் குறும்பு இன்னொரு விதம். சுமார் 20 டிகிரிக்குக் கீழே இரும்பைப் போலக் காந்தத்தில் ஒட்டும்; அதற்கு மேலே போகப் போகப் பிடி தளரும். டெல்லியின் ஜனவரிக் காலையில் தொங்கிய துண்டு மே மாத மதியத்தில் காந்தத்தைச் சட்டை செய்யாது.

இந்த அருமண் உலோகங்களில் பல நம் காலடி மணலிலேயே இருக்கின்றன. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதை 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தார். அதிலுள்ள தோரியம்தான் அந்தக்கால எரிவாயு விளக்குகளின் வலைகளை ஒளிரவைத்தது. சீரியம், லாந்தனம், நியோடிமியம் எல்லாம் அதே மணலில் உண்டு. ஆனால் சேகரிப்பாளர் வாங்கும் கண்ணாடிக் குழலின் சீட்டில் அணு எண் இருக்கும், 99.9 சதவீதம் தூய்மை என்றிருக்கும்; எந்த ஊர் மண் என்று இருக்காது. ஊர் பெயரையும் கழுவிவிட்ட பிறகுதான் அது தூய்மை போலும்.

டங்ஸ்டனுக்கு ஊர் உண்டு என்பது 2024 நவம்பரில் தமிழ்நாட்டுக்குத் தெரிந்தது. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியை உள்ளடக்கிய பகுதி டங்ஸ்டன் சுரங்கத்துக்காக ஏலம் போயிருந்தது. சமணர் படுக்கையும் தமிழி கல்வெட்டும் பாண்டியர் குடைவரையும் உள்ள ஊர். 2022இல் மாநிலத்தின் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஊர்கள் திரண்டு எதிர்த்தன. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. உள்ளங்கையில் 315 கிராமாகக் கனப்பது அங்கே மலையாக நிற்கிறது.

சாக்ஸின் சேகரிப்பில் ஊர்ப்பெயர்கள் இருந்தன. ஆறு வயதில், போர் தொடங்கிய நேரத்தில், வீட்டைவிட்டுப் பிரித்து விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்ட பையன் அவர். அங்கே எண்கள் நண்பர்களாயின. பத்து வயதில் லண்டன் திரும்பியதும் தனிமங்கள் துணையாயின. டங்ஸ்டன் இழையால் விளக்கு செய்யும் மாமா ஒருவர் வாய்த்தது அதிர்ஷ்டம். மனிதர்கள் போய்விடுவார்கள், உலோகம் போகாது என்ற எண்ணம் அப்போது விழுந்திருக்க வேண்டும்.

தன் ஒவ்வொரு பிறந்தநாளையும் அந்த அணு எண்ணுள்ள தனிமத்தோடு சேர்த்துப் பார்ப்பது அவர் வழக்கம். புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவிய பிறகு, 2015 ஜூலையில் எழுதிய கட்டுரையில் தன் எழுதும் மேசையை வர்ணித்தார். 81ஆம் பிறந்தநாளுக்கு நண்பர்கள் அனுப்பிய தாலியம் ஒரு முனையில். அப்போதுதான் முடிந்த 82க்கு ஈயம். ஈயப் பெட்டிக்குள் தோரியம். மறுமுனையில், குழந்தைப் பருவத்தை நினைவூட்ட, நான்காம் தனிமமான பெரிலியம். ஈயத்துக்குப் பக்கத்தில் 83க்கு உரிய பிஸ்மத்: ஆஸ்திரேலியாவில் இயற்கையாகக் கிடைத்தது, பொலிவியச் சுரங்கத்திலிருந்து வந்த சிறு கட்டிகள், உருக்கி மெல்ல ஆறவைத்த வானவில் நிறப் படிகங்கள், ஓர் உருளை, ஒரு கோளம். அந்தப் பிறந்தநாளைத் தான் பார்க்கப்போவதில்லை என்றும் எழுதியிருந்தார். ஆகஸ்ட் 30ஆம் தேதி காலமானார்.