நல்ல நேரம்

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று ஓராண்டுக்கு வருகைதரு ஆய்வாளராக நம்மை அழைத்திருக்கிறது. பெட்டி கட்டுதல் எளிது. தாள்களைத் திரட்டுதலே அரிது. அழைத்தோர் அனுப்பும் டி.எஸ். 2019 படிவம், ஜே-1 விசா, நேர்காணல், இவற்றோடு மருத்துவக் காப்பீடு!

அந்நாட்டு விதி ஒளிக்காமல் பேசுகிறது: நோயோ விபத்தோ நேரின் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 1,00,000 டாலர், உயிர் பிரிந்தால் உடலைத் தாயகம் அனுப்ப 25,000 டாலர். படித்துச் சொன்னோம். அன்னையார் முகம் வாடிற்று.

"புறப்படும் வேளையில் அமங்கலப் பேச்சா? முதலில் பஞ்சாங்கத்தைப் பாரப்பா!"

மறைப்பானேன்? மேடைதோறும் பகுத்தறிவு முழங்கிய நமது கையும், கையெழுத்திடுகையில் கணநேரம் தயங்கிற்று. பழமை ஏட்டில் மட்டுமா இருக்கிறது? நரம்பிலும் அன்றோ ஊறிக் கிடக்கிறது!

கடல் கடப்பதே தீட்டு என்றனர் வைதிகர். அத்தடையை மீறி, 1914 மார்ச் 17 அன்று சென்னையில் கப்பலேறினார் கணித மேதை இராமானுசன். சாத்திரத்துக்கு அஞ்சிக் கரையிலேயே நின்றிருந்தால், 1918-இல் இலண்டன் இராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றிருக்குமா?

இராகு காலத்தை ஒதுக்கச் சொல்லும் பஞ்சாங்கம், இடர் வந்தபின் செய்வது யாதென்று சொல்வதில்லை. காப்பீட்டுத் தாள் அதைச் சொல்கிறது. அச்சம் இரண்டிலும் உண்டு, ஏற்பாடு ஒன்றில்தான்!

அன்னையாரை நாம் எள்ளவில்லை. அவரைப் பேசவைத்தது பாசம். தாளின் படியொன்றை அவரிடமே தந்தோம். பொறுமையாகப் படித்தார், மடித்துப் பஞ்சாங்கத்தின் மேல் வைத்தார்.

"விமானம் எத்தனை மணிக்கப்பா?" என்றார்.

அதுவே நல்ல நேரம்!