வந்தோரை ஏற்ற கரை

ஆகஸ்டுத் திங்களின் பிற்பகுதியில் கடலூர்ச் சாலையிற் செல்வோர் ஓர் அரிய காட்சியைக் காணலாம். காவியுடை அணிந்த ஆடவரும் பெண்டிரும் கூட்டங் கூட்டமாகத் தெற்கு நோக்கி நடந்து செல்வர். அவர்கள் முன்னே சிறு தேர் ஒன்று உருண்டு செல்லும். அத்தேரில் மாதாவின் திருவுருவம் மலர்மாலை சூடி விளங்கும். நடப்போருட் பலர் காலிற் செருப்பு அணிவதில்லை. கொப்புளம் கண்ட பாதத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, ‘மரியே வாழ்க’ என்று முழங்கிய வண்ணம் அவர்கள் செல்வர். சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வரும் இவ்வடியார்கள் நாடிச் செல்லும் ஊர் வேளாங்கண்ணி. ஆண்டுதோறும் ஆகஸ்டு 29-ஆம் நாள் அங்குக் கொடி ஏறும். செப்டம்பர் 8-ஆம் நாள் மரியன்னையின் பிறந்தநாள் விழாவுடன் திருவிழா நிறைவுறும்.

கடலூரிலிருந்து வேளாங்கண்ணி ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நடந்து செல்வார்க்கு அஃது ஐந்தாறு நாள் வழி. பல முறை நடந்து பழகிய மூத்தவர் ஒருவர் குழுவுக்கு வழிகாட்டியாக அமைவார். எந்த இடத்தில் நிழல் உண்டு, எவ்வூரில் நல்ல தண்ணீர் கிடைக்கும், மழை பெய்தால் எந்தத் திண்ணையில் ஒதுங்கலாம் என்பனவெல்லாம் அவருக்கு மனப்பாடம். விடியுமுன் எழுப்பி நடத்துவதும், வெயில் ஏறியதும் இளைப்பாறச் செய்வதும், தளர்ந்தாரைத் தேற்றுவதும் அவர் கடமை. வழியோர ஊரார் மோரும் பழமும் கொண்டுவந்து கொடுப்பர். கொடுப்பவர் எச்சமயத்தார் என்று வாங்குபவர் கேட்பதில்லை. வாங்குபவர் எச்சமயத்தார் என்று கொடுப்பவரும் கேட்பதில்லை.

இவ்வழியின் சிறப்பு வேளாங்கண்ணியோடு முடிவதன்று. கிறித்தவர் போற்றும் தலங்களும் இசுலாமியர் போற்றும் தலங்களும் இக்கரை நெடுகிலும் மாறி மாறி அமைந்துள்ளன. அவற்றின் வரலாற்றை நோக்கினால், வெளியிலிருந்து வந்தோரும் அவரை ஏற்றுக்கொண்ட கரையாருமே பெரும்பாலும் அங்குக் காணப்படுவர்.

கடலூரைக் கடந்து செல்லும் சாலையில் புதுச்சத்திரம் என்னும் ஊர் உள்ளது. சத்திரம் என்பது வழிச்செல்வோர் தங்குவதற்கென எழுப்பிய அறச்சாலை. வண்டியும் பேருந்தும் இல்லாத காலத்தில் நடந்து வந்தோர்க்கு உண்டியும் உறையுளும் அளித்த பண்பாட்டை இத்தகைய ஊர்ப்பெயர்கள் இன்றும் உணர்த்தி நிற்கின்றன.

அப்பால் பி. முட்லூரில் கிழக்கே பிரியும் சாலை பரங்கிப்பேட்டைக்குச் செல்லும். வெள்ளாறு கடலொடு கலக்கும் இடத்தில் அமைந்த பழந்துறைமுகம் அது. பரங்கியர் எனப்பட்ட போர்ச்சுகீசியர் அங்குக் குடியேறி வாணிகம் செய்தமையால் அப்பெயர் பெற்றது. அவர்கள் அதனைப் போர்ட்டோ நோவோ, அஃதாவது புதிய துறைமுகம், என்று அழைத்தனர். மகமூது பந்தர் என்ற பெயரும் அதற்கு உண்டு. பந்தர் என்பதற்கும் துறைமுகம் என்பதே பொருள். கடல் வாணிகத்திற் சிறந்த மரைக்காயர் வாழும் அவ்வூரில் பள்ளிவாசல்களும் இறைநேசர் அடக்கத்தலங்களும் பல உள்ளன. நபிகள் நாயகத்தின் தோழராகிய உக்காஷா அடங்கிய இடம் என ஒன்றனை ஊரார் போற்றுவர்.

அருகிலுள்ள கிள்ளை என்னும் ஊரில் மாசி மகத்தன்று நிகழும் விழாவும் அறியத்தக்கது. திருமுட்டத்துப் பூவராகப் பெருமாள் தீர்த்தவாரிக்காக அக்கடற்கரைக்கு எழுந்தருள்வார். அப்போது அங்குள்ள தர்காவின் சார்பில் இசுலாமியப் பெருமக்கள் பெருமாளை வரவேற்று மரியாதை செய்வர். ஒரு சமயத்தார் தம் வாயிலுக்கு வந்த மற்றொரு சமயத்தின் தெய்வத்தை விருந்தினராக மதிக்கும் இவ்வழக்கம் வழிவழியாக வருகின்றது.

நெடிய கோபுரங்கள் வானளாவும் சிதம்பரத்தைக் கடந்து, கொள்ளிடப் பாலத்தைத் தாண்டி, சீகாழி வழியாகச் சென்றால் தரங்கம்பாடியை அடையலாம். தரங்கம் என்பது அலை. தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதரின் இசைவு பெற்று 1620-இல் டேனியர் அங்குக் கோட்டை கட்டினர். 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் சீகன்பால்கு என்னும் ஜெர்மானிய இளைஞர் சமயப்பணிக்காக அக்கரையில் வந்து இறங்கினார். அவரை அன்புடன் ஏற்றிருக்க வேண்டியவர் அங்கிருந்த டேனிய ஆளுநர். ஆயினும், அவரே பின்னர்ச் சீகன்பால்கைப் பிடித்து நான்கு திங்கள் சிறையில் வைத்தார். அயல்நாட்டாராகிய அவருக்குத் தமிழ் கற்பித்தவரோ ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர். சிறுவர்களோடு அமர்ந்து எழுத்தறிந்த சீகன்பால்கு, 1715-இல் விவிலியத்தின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். தமிழ் ஏடுகளைத் திரட்டி அவற்றுக்கு அட்டவணையும் வகுத்தார். 1718-இல் அவர் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே, மறு ஆண்டில் மறைந்த அவர் உடல் அடக்கம் பெற்றது.

காரைக்காலைக் கடந்ததும் நாகூர் தர்காவின் மினாராக்கள் தோன்றும். வடநாட்டு மாணிக்கப்பூரில் பிறந்து, பல நாடுகளைச் சுற்றி வந்த சாகுல் ஹமீது ஆண்டகை பதினாறாம் நூற்றாண்டில் அங்குத் தங்கி அடங்கினார். தஞ்சை நாயக்க மன்னர் ஒருவரின் நோயை அவர் தீர்த்தார் என்றும், மன்னர் நன்றியுடன் நிலம் வழங்கினார் என்றும் கூறுவர். அங்குள்ள மினாராக்களுள் உயரமானது 131 அடி. அதனைக் கட்டுவித்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். ஆண்டுதோறும் நிகழும் கந்தூரி விழாவில் நாகப்பட்டினத்திலிருந்து கொடிகள் ஊர்வலமாக வரும். பல சமயத்தாரும் திரண்டு வந்து அவ்விழாவைக் காண்பர். வேளாங்கண்ணிக்குச் செல்வோருள்ளும் நாகூரில் இறங்கி வணங்கிச் செல்வார் உண்டு.

நாகப்பட்டினத்திற்குத் தெற்கே வேளாங்கண்ணி உள்ளது. அதனைப் பற்றி மூன்று வரலாறுகள் வழங்குகின்றன. பால் கொண்டு சென்ற சிறுவனிடம் தெய்வ அன்னை தன் குழந்தைக்குப் பால் கேட்டாள் என்பது ஒன்று. வழிப்போக்கருக்கு மோர் விற்ற ஏழைக் கைம்பெண்ணின் மகன், நடக்க இயலாதவன், அவ்வன்னையின் அருளால் எழுந்து நடந்தான் என்பது மற்றொன்று. புயலிற் சிக்கிய போர்ச்சுகீசிய மாலுமிகள் அன்னையை வேண்டி, செப்டம்பர் 8-ஆம் நாள் உயிருடன் கரை சேர்ந்தனர் என்பது மூன்றாவது. அவர்களை அங்கிருந்த கூரைக் கோயிலுக்கு அழைத்துச் சென்றவர் அக்கரை மீனவர் என்ப. நன்றி மறவாத மாலுமிகள் அங்கே கற்கோயில் அமைத்தனர். அவ்வாலயத்திற்கு 1962-இல் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் பேராலயம் என்னும் சிறப்பினை அளித்தார். காலில் வலியோடு நடந்து வந்தவர்கள் அங்கே மண்டியிட்டு, வந்த வழியை எண்ணிக் கண்ணீர் சொரிவர்.

கரை சேர்க்கும் கடலே கரையை அழிக்கவும் வல்லது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் சுமத்திராவின் அருகே கடலடியில் பெருநிலநடுக்கம் உண்டாயிற்று. காலை வேளையில் ஆழிப்பேரலை தமிழகக் கரையில் மோதியது. கிறித்துமசு விழாவுக்காக வேளாங்கண்ணிக்கு வந்து கடற்கரையில் நின்றிருந்த பயணியர் பலர் மாண்டனர். நாகை மாவட்டத்தில் இறந்தோர் 6,000-க்கும் மேற்பட்டோர். கடலூர் மாவட்டத்தில் இறந்தோர் 600-க்கும் மேற்பட்டோர். பரங்கிப்பேட்டையைச் சூழ்ந்த சாமியார்பேட்டை, புதுக்குப்பம் முதலிய மீனவர் ஊர்களில் வீடும் படகும் வலையும் ஒருங்கே அழிந்தன. பிள்ளையை இழந்த தாயரும் தாயை இழந்த பிள்ளைகளும் உடுத்த துணியோடு மேட்டு நிலம் நோக்கி ஓடி வந்தனர்.

அவர்களுக்கு முதலிற் கை கொடுத்தவர் பரங்கிப்பேட்டை முஸ்லிம்கள். அரசின் உதவி வந்து சேரும் வரை அவர்கள் காத்திருக்கவில்லை. அவ்வூர் ஜமாஅத்தினர் மீட்புப் பணியில் இறங்கினர்; உயிர் பிழைத்தோர்க்குத் தங்க இடம் அளித்தனர்; பெரிய கலங்களை அடுப்பேற்றி, ஆயிரக்கணக்கானோர்க்குப் பல நாள் உணவு சமைத்து வழங்கினர். உண்டவர் பெரும்பாலும் இந்து மீனவர். முன்னாளில் கடல் வழியே வந்தவர்க்குக் கரையார் இடங்கொடுத்தனர். அந்நாளிலோ, கரையில் வாழ்ந்தவரே கடலுக்கு அஞ்சி அகதிகளாயினர். அவர்களை ஏற்றுக்கொள்ள அவ்வூர் இருந்தது.

ஒரு தலத்தின் பெருமையை அதன் கோபுர உயரத்தாலும் மினாராவின் உயரத்தாலும் அளந்து கூறலாம். அஃது எளிது. பசித்து வந்தவர் எத்தனை பேர் அதன் வாயிலில் உண்டு சென்றனர் என்பதை அளப்பதோ அரிது. பி. முட்லூரில் கிழக்கே பிரியும் அச்சாலையில் திரும்பாமல் நேரே நடந்து செல்லும் அடியார் பலர். வழிகாட்டும் மூத்தவர் அங்கே சிறிது நின்று, இளையோர்க்கு அத்திசையைக் கைநீட்டிக் காட்டுவாராயின், அவர் தம் கடமையை நன்கு செய்தவர் ஆவார்.