செங்குக்குப் போவோம், கேமராவோடு!

மலாக்கா என்றதும் சிவப்புக் கட்டடமும் ஆ ஃபமோசா கோட்டை வாசலும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். இம்முறை அந்தக் கூட்டத்தை விட்டு விலகி, நகருக்கு வடக்கே பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கும் செங்குக்கு உங்களை அழைக்கிறோம். வெறுங்கையோடு வராதீர்கள். வீட்டில் ஒரு கேமராவோ நல்ல கைப்பேசியோ இருந்தால், பிள்ளைகளிடம் கொடுத்துக் கூடவே கூட்டி வாருங்கள்.

ஏன் தெரியுமா? 1896-ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்பவர் ரப்பரைத் தோட்டப் பயிராக நட்டது இதே மலாக்காவில், புக்கிட் லிந்தாங்கில்தான். அந்த மரங்களை நம்பி நம் முன்னோர் கப்பலேறி வந்தார்கள். இன்று செங் பக்கம் போனால் தாமான்களும் தொழிற்சாலைகளும்தான் கண்ணில் படுகின்றன. பெரட்டுக் களமும் லயமும் இருந்த கோலத்தைக் காட்ட எத்தனை வீட்டில் படம் இருக்கிறது? தாத்தா கண்மூடிய பிறகு, அவருடைய அடையாளக் கார்டுப் படத்தையே பெரிதாக்கி மாலை போட்ட வீடுகள் எத்தனை! அந்தக் குறையை நம் பிள்ளைகள் தீர்க்கலாம். அதோடு கைச்செலவுக்கும் சம்பாதிக்கலாம்.

செங்கில் பார்க்க வேண்டிய இடம் சன்னாசிமலை ஆண்டவர் கோயில். மாசி மகத்துக்கு அங்கே கூடும் கூட்டத்தைச் சொல்லி முடியாது. பட்டணத்தில் ஜாலான் துக்காங் எமாஸில் 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து முருகப் பெருமான் ரதத்தில் செங்குக்கு எழுந்தருளுவார். பால்குடமும் காவடியும் பின்தொடரும். பிப்ரவரியிலோ மார்ச்சிலோ பௌர்ணமியை ஒட்டி வரும் திருநாள் இது. படம் பிடிக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் ஏது?

முதலில் வெளிச்சத்தைக் கவனியுங்கள். 1982 ஜனவரி முதல் நாள் நம் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள் அல்லவா? அதனால் மாசி மாதத்தில் சூரியன் ஏறக்குறைய ஏழே காலுக்கு மேல்தான் உதிக்கும். உச்சிக்கு வரும்போது மணி ஒன்றே காலைத் தாண்டியிருக்கும். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் உச்சி வெயில் நேரே தலையில் இறங்கும். கண்கள் குழி விழுந்தாற்போல் இருண்டு, மூக்கின் நிழல் உதட்டில் விழும். ஆகவே முகங்களைக் காலை ஒன்பதரைக்குள்ளோ மாலை ஐந்தரைக்குப் பிறகோ எடுங்கள். நடுப்பகலில் எடுத்தே தீர வேண்டுமா? பந்தல் நிழலிலோ கடை வரிசையின் அஞ்சடியிலோ, தெருவைப் பார்த்து ஆளை நிறுத்துங்கள். பக்கவாட்டில் வரும் வெளிச்சம் முகத்தைப் பட்டுப்போல் காட்டும்.

இன்னொன்று. நம்மவர் மாநிறமும் கருநிறமும் கொண்டவர்கள். பின்னால் வானம் வெளுத்திருந்தால் கேமரா அந்த வெளுப்பைக் கணக்கிட்டு முகத்தைக் கறுக்க வைத்துவிடும். கைப்பேசியில் முகத்தின்மேல் விரலை வைத்து அழுத்துங்கள். சூரியன் போன்ற குறி தோன்றும். அதை மேலே இழுத்தால் முகம் தெளியும். கேமராவாக இருந்தால் ஒளி அளவை ஒரு படி கூட்டுங்கள். காவடி ஆடுபவரை எடுக்க 1/250 வினாடி வேகமாவது வேண்டும்.

கருவிக்காகக் கடன் வாங்காதீர்கள். கேமராவோடு வரும் 18-55 லென்ஸ் வெயிலில் போதும். இரவில் ரதத்தின் விளக்கொளியில் அது திணறும். 50 மில்லிமீட்டர், எஃப் 1.8 லென்ஸ் ஒன்றைப் பழையதாக வாங்கினாலும் நல்லதே. அந்தச் சிறு லென்ஸ் 55-இல் நிற்கும் 18-55ஐவிட ஒன்பது பங்குக்கும் அதிகமான ஒளியை உள்ளே விடும். மண்டபத்துக்குள் ஃபிளாஷை நேரே முகத்தில் அடிக்காமல் வெள்ளைக் கூரையை நோக்கித் திருப்புங்கள். கூடுதலாக ஒரு பேட்டரியும் ஒரு மெமரி கார்டும் பையில் இருக்கட்டும். கல்யாண வீட்டில் தாலி இரண்டாம் முறை ஏறாது!

நம் ஊர் ஈரக்காற்றில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். துணிப் பையில் கட்டி அலமாரிக்குள் வைக்காதீர்கள். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். உள்ளே ஈரப்பதம் நாற்பதிலிருந்து ஐம்பது விழுக்காட்டுக்குள் இருந்தால் கவலையில்லை.

இனி வருமானத்தைப் பார்ப்போம். அந்தக் காலத்தில் ஸ்டூடியோக்காரர் கண்ணாடி அலமாரியில் நல்ல படங்களை மாட்டி வைப்பார். இன்று முகநூலும் இன்ஸ்டாகிராமும்தான் அந்தக் கண்ணாடி அலமாரி. இருநூறு படங்களைக் கொட்டாதீர்கள், பொறுக்கியெடுத்த இருபது போதும். எந்த ஊர், என்ன விசேஷம் என்று தமிழிலும் மலாயிலும் எழுதுங்கள். 'மலாக்கா', 'செங்' என்ற சொற்கள் இருந்தால்தான் தேடுபவர் கண்ணில் படும். கூகள் வரைபடத்தில் தொழிலின் பெயரைப் பதிவு செய்யக் காசு கேட்பதில்லை. விலையை ஒளிக்க வேண்டாம். எத்தனை மணி நேரம், எத்தனை படம், எத்தனை வெள்ளி, முன்பணம் எவ்வளவு என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பிவிடுங்கள். பிறகு வாய்த் தகராறு வராது.

தொழில் தொடங்கிய முப்பது நாளுக்குள் எஸ்.எஸ்.எம். அலுவலகத்தில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. மற்றொரு சட்டமும் உண்டு. நம் நாட்டின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, கூலி பேசி எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, வேறு உடன்படிக்கை இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே போய்ச் சேரும். எனவே மணப்பெண்ணின் படத்தை விளம்பரத்துக்குப் போடும் முன் அந்தக் குடும்பத்தாரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். சட்டம் இருக்கட்டும், மரியாதையும் அதுதானே? கோயிலிலும் அப்படியே. அலகு குத்தும் வேளையில் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள். கருவறையைப் படமெடுக்கும் முன் குருக்களிடம் கேளுங்கள்.

செங்குக்கு வரும் அன்றே பட்டணத்தையும் பார்த்துவிடலாம். பொய்யாத விநாயகர் கோயிலிருக்கும் தெருவிலேயே கம்போங் கிளிங் பள்ளிவாசலும், அடுத்தாற்போல் செங் ஹூன் தெங் சீனக் கோயிலும் நிற்கின்றன. 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்த மலாக்கா நகரத்தின் பகுதி இது. மூன்று சமயத்தாரின் வாசல்களையும் ஒரே மாலை வெளிச்சத்தில் எடுக்கலாம்.

தம்பி தங்கைகளே, ஒரு வேண்டுகோள். முதல் படத்தை ரதத்துக்குச் செலவிடாதீர்கள். பால்மரம் வெட்டிக் காய்ப்பேறிய கைகளோடு உங்கள் பாட்டி பந்தல் நிழலில் உட்கார்ந்திருப்பார். "பாட்டி, இங்கே பாருங்க" என்று சொல்லி அவரை எடுங்கள். எடுத்ததைக் கைப்பேசிக்குள்ளேயே பூட்டி வைக்காமல், 4ஆர் அளவில் அச்சிட்டு, பின்பக்கம் பெயரும் ஊரும் தேதியும் எழுதி அவர் கையிலேயே கொடுங்கள்.