இசைத்தட்டின் பெயரும் முகமும்

பாட்டுக்குச் சொல் உண்டு. சொல் தன் பொருளைத் தானே உரைத்துவிடும். சொல்லே பெரிதும் இல்லாத ஓர் இசை, தான் யாருடைய குரல் என்பதை எவ்வாறு உணர்த்தும்? டெக்னோ இசைத்தட்டுகளைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எம்முள் எழும் வினா இது. தட்டின் நடுவே ஒட்டியிருக்கும் வட்ட லேபலிலேயே அதற்கான விடையின் பாதி இருக்கிறது என்பது எமது கருத்து.

இவ்விசை பிறந்த டெட்ரோயிற், அமெரிக்காவின் மோட்டார் நகரம். 1959 இல் பெரி கோர்டி அங்கு தொடங்கிய நிறுவனம், 'மோட்டார் டவுன்' என்பதைச் சுருக்கி 'மோடவுன்' என்று பெயர் பூண்டது. 1972 இல் அது லொஸ் ஏஞ்சல்சுக்குப் பெயர்ந்தது. நகரத்தின் பெயரையும் உடன் கொண்டுபோயிற்று. அந்நகரில் தொழிற்சாலைகள் பல மூடப்பட்டன. உழைத்த மக்கள் வேலையிழந்தனர்.

அம்மண்ணின் கறுப்பின இளைஞர் தமக்கெனப் புதிய பெயர்களைத் தேடினர். ஜுவான் அற்கின்ஸ் 1985 இல் 'மெற்றோபிளெக்ஸ்' நிறுவனத்தையும், டெரிக் மே 1986 இல் 'ட்ரான்ஸ்மற்' நிறுவனத்தையும் தொடங்கினர். முன்னது பெருநகரத் தொகுதியைக் குறிக்கும். பின்னது பொருள்களை நொடிப்பொழுதில் வேற்றிடத்துக்கு அனுப்பும் கற்பனைப் பொறியை நினைவூட்டும். நலிந்துகொண்டிருந்த நகரில் நின்று எதிர்காலத்துக்குப் பெயரிட்ட இச்செயலை வெறும் அலங்காரம் என்று ஒதுக்கிவிட முடியுமா?

மைக் பாங்ஸும் ஜெஃப் மில்ஸும் உருவாக்கிய குழு இன்னும் ஒருபடி முன்னே சென்றது. 'அண்டர்கிரவுண்ட் றெசிஸ்ரன்ஸ்', அதாவது தலைமறைவு எதிர்ப்பு, என்பது அதன் பெயர். நட்சத்திரத்தின் முகத்தை விற்பது இசை வணிகத்தின் வழக்கம். இவர்களோ முகத்தை மறைத்துக்கொண்டு தோன்றினர். இசை முடிந்தபின் வரும் வெற்றுப் பள்ளத்தில் வாசகங்களைக் கீறிவைத்தனர். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பவனுக்கே அவை புலப்படும். 1993 இல் பேர்லினில் தோன்றிய 'பேசிக் சானல்' தன் பெயரெழுத்துகளையே சிதைத்து அச்சிட்டது. அதுவும் விளம்பரத்துக்குப் பணிய மறுத்த ஒரு முறையே.

எனினும் ஓர் எச்சரிக்கை அவசியம். எதிர்ப்பின் சின்னத்தைச் சட்டையில் அச்சிட்டு விற்க எந்த வியாபாரிக்கும் முடியும். கறுப்பு மையும் முகமூடியும் மட்டும் போராட்டமாகிவிடா. டெட்ரோயிற் இளைஞரின் சின்னங்களை நாம் மதிப்பதன் காரணம் அவற்றின் அழகு மட்டுமன்று. இசையைப் படைத்த கைகளே பெயரையும் இட்டன, நிறுவனத்தையும் தம்மிடம் வைத்திருந்தன என்பதே. ஆதலால், ஒரு சின்னத்தைக் காணும்போது அது அழகாயிருக்கிறதா என்று கேட்பதோடு நாம் நின்றுவிடலாகாது. அதற்குப் பெயரிட்டவன் யார், அதன் பயனைப் பெறுபவன் யார் என்றும் கேட்டாகவேண்டும்.